பையின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

'தானியமற்றது' என்ற வார்த்தையை மட்டும் நம்பிப் பூனை உணவு வாங்காதீர்கள். என் பூனைக்கு வாங்கிய ஒரு பையைத் திருப்பிப் பார்த்தேன்: கோழிக்கு அடுத்ததாகப் பட்டாணி, பட்டாணி மாவு, உருளைக்கிழங்கு! அரிசியும் சோளமும் போனதே தவிர, மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது.

பூனைக்கு உயிர்நாடி டாரின் என்ற சத்து (ஒரு வகை அமினோ அமிலம்). அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. தானியத்திலும் கிடையாது, பட்டாணியிலும் கிடையாது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயத் தசை தளரும் என்று 1987-லும் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். வீட்டில் கறி வேகவைப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். அப்போதும் வெறும் கறி மட்டும் போதாது, கால்சியமும் வேண்டும்.

கால்நடை மருத்துவர் ஒருவரை இதுபற்றி விரிவாக எழுதச் சொல்லி வெளியிடுங்கள்.

— பூனை வளர்க்கும் வாசகி