புள்ளிக் கணக்கில் வராதவர்களுக்காக ஒரு மடல்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்க நிர்வாகிகளுக்கும், குடும்ப அறக்கட்டளைகளை நடத்திவரும் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு 31 வயது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் மூளை முடக்குவாதம் வந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் பழகியவர்களுக்குப் புரியும். கோயில் மணி அடித்தால் எந்தக் காலப் பூஜை என்று சரியாகச் சொல்வான். அவன் எடை 41 கிலோ. எங்களைப் பெற்ற ஆத்தாவுக்கு 68 வயது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு ஆறேழு முறை அந்த 41 கிலோவை ஆத்தாதான் தூக்குகிறார். நான் காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் போய்த் தூக்குகிறேன். மற்ற ஐந்து நாளும் ஆத்தாவின் இடுப்பு.

நம் ஊர்களில் கல்யாணம் ஆனால்தான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் வரி அந்தக் கணக்கில்தான். எங்கள் தகப்பனார், அப்பச்சி, இருந்தவரை எங்கள் வீடு ஒரு புள்ளி, அவர் போனபின் ஆத்தா அரைப்புள்ளி. தம்பி எதிலும் இல்லை. நாளைக்கு ஆத்தாவுக்கும் ஒன்று ஆகிவிட்டால் ஏட்டில் எங்கள் வீட்டுக்கு நேரே எழுத ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு ஆள் இருப்பான்.

புள்ளி முறையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அத்தனை தலைமுறையாக இவ்வளவு சீராகக் கணக்கு வைத்திருக்கும் சமூகம் வேறு எங்கே இருக்கிறது? கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஊர்தோறும் இன்னொரு ஏடு போடுங்கள். நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், காது கேளாதவர், மனவளர்ச்சி குன்றியவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், பக்கவாதத்தில் படுத்திருப்பவர் என்று ஊரில் உள்ள அத்தனை பேர் பெயரும் அதில் இருக்கட்டும். நகரத்தார் வீடு மட்டும் இல்லை, எல்லாச் சாதி வீடும்.

ஏன் ஏடு என்கிறேன்? அது இல்லாததால் கொடுத்த பொருள் எப்படி வீணாகிறது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிப் பொருள் வழங்கும் முகாம் நடத்தினார்கள். நல்ல மனிதர்கள், நல்ல மனசோடு செய்தார்கள். தம்பிக்கு ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. ஆஸ்பத்திரிகளில் பார்ப்போமே, அந்த மாதிரி. அதன் இருக்கை 18 அங்குலம். தம்பி உடம்பு அதில் பாதியைத்தான் அடைக்கும். உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து வழுகிவிடுவான். ஆத்தா இரண்டு பக்கமும் தலையணை வைத்து, பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மார்பைச் சுற்றிக் கட்டினார். இரண்டு மாதத்தில் முதுகுத் தண்டின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். அது ஆற நான்கு மாதம் ஆனது. அவனுக்கு வேண்டியது பக்கவாட்டில் பிடிப்பும், தலைக்குத் தாங்கலும், இடுப்புக்குப் பெல்ட்டும் உள்ள நாற்காலி. அளவெடுத்துச் செய்ய வேண்டும். அன்றைக்கு யாரும் அளவெடுக்கவில்லை.

அப்புறம் முன் சக்கரம் போனது. நம் தெரு செம்மண்ணில் அந்தச் சின்னச் சக்கரம் எத்தனை நாள் தாங்கும்? சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின் சக்கரம்னா ட்யூப் மாத்தித் தந்துருவேன் ஆச்சி, இந்தப் பேரிங் நம்மகிட்ட இல்லை" என்றார். யாரிடம் கேட்பது? முகாம் நடத்தியவர்களின் துண்டறிக்கையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டால் அது விழாவுக்கு மட்டும் வைத்திருந்த எண். நாற்காலி இப்போது வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் பித்தளை அண்டாக்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. நாலு வீடு தள்ளி ஒருவர், சர்க்கரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். செயற்கைக் கால் கிடைத்தது, நடந்தும் பார்த்தார். ஆனால் அறுவைக்குப் பிறகு முதல் வருடத்தில் மீதிக் கால் மெலிந்துகொண்டே வரும். அதற்கேற்பச் செயற்கைக் காலில் மீதிக் கால் நுழையும் உள்கூட்டை மாற்றிப் பொருத்த வேண்டும். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. கால் தளர்ந்து ஆடியதும் துணியைத் திணித்தார், தோல் உரிந்தது, கழற்றி வைத்துவிட்டார். வெள்ளையடிக்கிற வேலை பார்த்தவர். இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் மனைவி மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். காது மெஷினும் இப்படித்தான். கையில் கொடுக்கும்போது பேட்டரி போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தச் சின்னப் பேட்டரி பத்து, பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். ஊரில் கிடைக்காது. மெஷின் பெட்டிக்குள் போய்விடும்.

எல்லாமே சின்னச் சின்ன விஷயம். ஒரு பேரிங், ஒரு பேட்டரி, ஒரு முறை அளவு பார்த்து மாற்றுவது. கொடுத்த பொருளின் விலையில் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. கொடுத்த பிறகு அந்த வீட்டுக்கு ஒருவர் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். ஏட்டில் பெயர் இருந்தால், மாதம் ஒரு முறை அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் வீடு வீடாகப் போனால், அவருக்கு ஒரு சம்பளம் கொடுத்தால், இதில் பாதித் துன்பம் போய்விடும்.

அந்த ஆள் செய்யக்கூடிய இன்னொரு பெரிய வேலை காகிதம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. 1995ஆம் வருடச் சட்டத்தில் ஏழுதான் இருந்தது. தசைச் சிதைவு, ஆட்டிசம், பார்க்கின்சன், தலசீமியா எல்லாம் இப்போது உள்ளே வந்துவிட்டன. இது தெரியாமல் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்காமலே இருக்கும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த் துறை தரும் மாத ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து 1000 ரூபாய் 1500 ஆனது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்று ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. தம்பிக்கு 26 வயது ஆகும்வரை எங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. அத்தனை வருடமும் பயிற்சிக்கும் மருந்துக்கும் அப்பச்சி கைக்காசுதான் போட்டார்.

காகிதம் வாங்கப் போவதும் லேசில்லை. நம் ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. கானாடுகாத்தான்காரர் சிவகங்கைக்குப் போக வேண்டும், இராயவரத்துக்காரர் புதுக்கோட்டைக்கு. கால் நீட்டி மடக்க முடியாத ஒருவரை பஸ்ஸில் ஏற்றிப் போய் வர முடியுமா? வாடகைக் கார் வைத்தால் ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேல் ஆகிவிடும். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு இருக்கிறது, போக வரச் செலவு யார் தருவார்? சாய்வுப் பலகை வைத்த ஒரு வேன், நாலைந்து ஊருக்குப் பொதுவாக. இதைச் சங்கங்கள் சேர்ந்தால் செய்ய முடியும்.

மகமை என்ற சொல்லை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கைச் சாமிக்கும் தர்மத்துக்கும் முதலிலேயே எடுத்து வைத்தவர்கள் நம் ஐயாக்கள். காசியில் 1813இலிருந்து நம் சத்திரம் நடக்கிறது என்றால், ஒருநாள் கொடுத்துவிட்டு வந்ததால் நடக்கவில்லை. தினம் தினம் நடக்கும்படி ஏற்பாடு செய்ததால் நடக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். அங்கே யார் படிக்கலாம், யார் வேலை பார்க்கலாம் என்று சாதி கேட்கவில்லை. அந்த மாதிரி நின்று நடக்கிற தர்மத்தைத்தான் கேட்கிறேன். முகாமுக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கைப் பழுது பார்க்கவும் வண்டிக்கும் ஆள் சம்பளத்துக்கும் மகமையாக எடுத்து வையுங்கள்.

நம் வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுக்கும் அந்த உயரமான முகப்பை என் தம்பி தானாக ஒருநாளும் தாண்டியதில்லை. மூன்றடி உயரத்துக்குச் சாய்தளம் போட வேண்டுமானால் ஓரடிக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கில் 36 அடி நீளம் வேண்டும். தெருவில் ஏது இடம்? அதனால் அவன் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் போவான். அங்கே படி இரண்டுதான், பலகை போட்டு இறக்கிவிடலாம். சித்தப்பா மகன் கல்யாணத்தன்று உள்முற்றமான வளவு நிறையச் சனம். தம்பியை இரண்டாங்கட்டில் உட்கார வைத்திருந்தோம். நாதஸ்வரச் சத்தம் கேட்டதும் வலது கையை முகப்புப் பக்கம் நீட்டி, "அங்க, ஆச்சி, அங்க" என்றான். அக்காவை நாங்கள் ஆச்சி என்போம். நானும் என் வீட்டுக்காரரும் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி, நிலைப்படிகளைத் தாண்டி பட்டாலை வரைக்கும் கொண்டுபோனோம். மாப்பிள்ளை அழைப்பு முடியும்வரை அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் சங்கக் கட்டடம், நகர விடுதி, கல்யாண மண்டபம் எல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன. ஒரு பக்கம் சாய்தளம், கைப்பிடி, தரையோடு தரையாக ஒரு கழிவறை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஈரம் பட்டால் ஊன்றுகோல் வழுக்கும், நடைபாதையில் மட்டும் சொரசொரப்பான கல் போடலாம்.

கடைசியாக ஒன்று, எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆத்தா ராத்திரியில் தூங்குவதில்லை. "எனக்கு முந்தி அவன் போயிறணும்" என்று பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொண்டதாக என்னிடம் சொன்னார். பெற்ற தாய் அப்படி வேண்டுகிறார். நம் பக்கத்தில் இப்படி வேண்டிக்கொள்ளும் தாய் அவர் ஒருவர் மட்டும் இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தம்பியைப் போன்ற, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆட்சியரை உள்ளடக்கிய மாவட்டக் குழு சட்டப்பூர்வமான காப்பாளரை நியமிக்கலாம். அதற்கு விண்ணப்பித்திருக்கிறோம். ஆனால் காப்பாளர் என்ற காகிதம் தூக்கிக் குளிப்பாட்டாது. பூட்டிக் கிடக்கும் எத்தனையோ பெரிய வீடுகளில், பங்காளிகள் ஒத்துக்கொள்ளும் ஒரே ஒரு வீட்டைத் தாருங்கள். முதலில் பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் இடமாக நடத்தலாம். பிசியோதெரபி பார்ப்பவர் ஒருவர், உதவிக்கு இரண்டு பேர். தாய்மார்களுக்கு ஒருநாளில் நாலு மணி நேரமாவது இடுப்பை நிமிர்த்திப் படுக்கக் கிடைக்கும். இரவும் தங்கும் இடமாக அது வளர வேண்டும், வளரும்.

எங்கள் ஊர் ஏட்டை எழுதித்தர நான் தயார். பதினேழு பெயர் இப்போதே என் நோட்டில் இருக்கிறது. தைப்பூசப் பாதயாத்திரை முடிந்து எல்லோரும் ஊர் திரும்பியதும் ஒரு கூட்டம் போடுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கூட்டம் நடக்கிற இடத்தில் எத்தனை படி என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்குத் தக்க பலகை கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி, அவனுக்கு ஆச்சி