நெடுநாள் நின்ற காரைச் சாலைக்கு எடுக்கும் முன்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோட்டாறு சவேரியார் திருவிழாவும் கிறிஸ்துமஸும் அடுத்தடுத்து வரும் காலத்தில், வளைகுடா நாடுகளிலும் கப்பலிலும் ராணுவத்திலும் பணிபுரியும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் திரும்புவது வழக்கம். ஓராண்டோ ஈராண்டோ வீட்டு முற்றத்தில் உறை போர்த்தி நின்ற கார், அவர்கள் வந்த மறுநாளே சாலைக்கு வந்துவிடுகிறது. சில வீடுகளில் அவர்களை அழைத்துவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கே அந்தக் காரை எடுத்துச் செல்கிறார்கள். தக்கலைப் பகுதியில் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த அவசரத்தைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நின்ற காரைப் பற்றி வீட்டார் கவலைப்படுவதெல்லாம் அது ஸ்டார்ட் ஆகுமா என்பதைப் பற்றித்தான். பேட்டரி இறங்கியிருந்தால் மெக்கானிக்கை அழைக்கிறார்கள். அவர் வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டுக் கூலி வாங்கிச் செல்கிறார். வண்டி தயாராகிவிட்டது என்று குடும்பத்தோடு ஏறிப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஸ்டார்ட் ஆகாத காரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஸ்டார்ட் ஆகி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத கார்தான் உயிரைப் பறிக்கும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் இதனுடன் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வறண்ட ஊரில் ஓராண்டு நிற்கும் காரைவிட இங்கே நிற்கும் காரில் துரு வேகமாக ஏறும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் கெடுதல் செய்யும்.

முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை. ஒரு மழை இரவிலேயே, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கின்மேல் செம்பழுப்பாகத் துரு பூக்கும்; வண்டி ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் உரசி அது போய்விடும், அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியிலோ, பேட் படிந்திருந்த இடம் அதே வடிவில் தடமாக நிற்க, சுற்றிலும் துரு அரித்து டிஸ்க் மேடும் பள்ளமுமாகிவிடும். பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனும் இறுகிக்கொள்ளும். அப்படி இறுகினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காமல் போகும், அல்லது பிடித்தது விடாமல் போகும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால், மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அழகியமண்டபத்திலிருந்து குலசேகரம் வரை நம் சாலைகளின் அகலத்தை அறிந்தவர்களுக்கு, அந்த ஓர் இழுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டு வெளிநாடு சென்றவர்களின் காரில் பின்சக்கர லைனர், அதாவது பிரேக் ஷூவின்மேல் பதித்த உரசு பட்டை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். லீவரைக் கீழே இறக்கினாலும் சக்கரம் அசையாது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்து, ‘டப்’ என்ற சத்தத்தோடு அது விடுபட்டதும், சரியாகிவிட்டது என்று புறப்படுகிறவர்கள் அநேகர். அந்த வேகத்தில் லைனர் ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்முக்குள் தனியாகக் கிடந்ததை நான் கழற்றி எடுத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் சக்கரத்தில் ஒரு குறையும் தெரியாது. ஆகவே ஒட்டிய சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். நெடுநாள் நிறுத்துகிறவர்கள் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துச் செல்வதே நல்லது.

பிரேக் ஆயிலையும் சொல்லியாக வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. டாட் 3 வகை ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான ஈரம் ஏறினாலே அது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கோதையாற்றுப் பக்கத்து இறக்கங்களில் தொடர்ந்து பிரேக் மிதித்தால் ஆயில் கொதித்துக் குமிழ் உண்டாகி, பெடல் பஞ்சில் மிதிப்பதுபோல் அமுங்கிப் போகும். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும் என்று கார் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வது கிலோமீட்டரைக் கணக்கிட்டு அல்ல. நின்ற வண்டிக்கும் அது பொருந்தும்.

டயரைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஓடாத டயர் தேயாது என்பதால் அது புதியது என்று நினைக்கிறார்கள். ரப்பர் விளையும் மண்ணில் வாழும் நமக்கு, ரப்பருக்கும் வயது உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஆறாண்டு கடந்த டயரை நிபுணர் ஒருவரிடம் காட்டிக் கேட்பதும், பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுவதும்தான் சரி. நின்ற டயரில் மாதந்தோறும் காற்று சிறிது சிறிதாகக் குறையும். குறைந்த காற்றோடு தேசிய நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னியையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

பிறகு பானெட்டைத் திறக்க வேண்டும். சாவியைத் திருப்புவதற்கு முன்பே திறக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் எஞ்சினின் மேலும் எலி கொண்டுவந்து சேர்த்த தென்னந்தும்பும் காய்ந்த சருகும் ரப்பர்விதைத் தோடும் குவிந்து கிடப்பதை மாவட்டத்தின் மேற்குப் பகுதி வீடுகளில் பலமுறை கண்டிருக்கிறேன். சைலன்சர் குழாய் சூடேறும் இடத்தில் அந்தத் தும்பு கிடந்தால் தீப்பற்றும். வயர்களின் மேலுறையைக் கடித்திருந்தால் ஷார்ட் ஆகும்; பெட்ரோல் குழாயைக் கடித்திருந்தால் அதன் விளைவு இன்னும் மோசம். டார்ச் அடித்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

பழைய பெட்ரோலையும் நம்ப முடியாது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். ஓராண்டுக்கு மேல் நின்ற காரில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே சிக்கனம். டீசல் காராக இருந்தால் ஃபில்டரின் அடியில் சேர்ந்த தண்ணீரை வடிக்க வேண்டும். எஞ்சின் ஆயில் ஓராண்டைத் தாண்டியிருந்தால், மீட்டர் எவ்வளவு காட்டினாலும் மாற்றிவிடலாம். கூலண்ட் அளவையும் வைப்பர் ரப்பரையும் பார்ப்பதற்கு யாரும் தேவையில்லை, வீட்டிலுள்ளவர்களே பார்க்கலாம்.

பேட்டரி விஷயத்தில் வீட்டிலிருக்கும் பெற்றோர்கள் மகன் சொன்னபடி வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்கள். அக்கறையோடு செய்யும் இந்தப் பழக்கத்தால் நன்மையைவிடத் தீமையே அதிகம். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தையே அந்த ஐந்து நிமிடம் முழுமையாகத் திருப்பித் தராது. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறாததால் உள்ளே உண்டாகும் நீர் ஆவியாகாமல் தங்கித் துருப்பிடிக்கும். ஓட்டத் தெரிந்த உறவினர் ஒருவர் இரு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவந்தால் பேட்டரி, பிரேக், டயர் மூன்றுக்கும் நல்லது. அதற்கு ஆள் இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடலாம். கதவடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இறங்கிய பேட்டரிக்குக் கேபிள் கொடுக்கும்போது, சிவப்புக் கேபிளை இரு பேட்டரிகளின் பாசிட்டிவ் முனைகளிலும், கறுப்புக் கேபிளின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும் மாட்டி, மறு முனையை, பேட்டரி இறங்கிய காரில், பேட்டரியை விட்டுத் தள்ளி எஞ்சினின் இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து வெளியாகும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது என்பதால்தான் இந்த முறை.

இன்சூரன்ஸ் முடிந்த காரை எடுக்கவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி முதல் முறைக்கே 2000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். புகைச் சான்றிதழையும், வண்டி 15 ஆண்டைத் தொட்டிருந்தால் ஆர்.சி. புதுப்பித்தலையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் முடிந்த பின்னரும் முதல் ஓட்டம் நெடுஞ்சாலையில் இருக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் குறைந்த உள்ளூர்ச் சாலையில் மெதுவாக ஓட்டி, பலமுறை பிரேக் மிதித்துப் பார்த்து, வீட்டுக்குத் திரும்பியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், தொட வேண்டாம். நான்கில் ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பிரேக் விடவில்லை என்று அறியலாம். வண்டி நின்ற தரையில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்பதை மறுநாள் காலையில் பார்க்கலாம்.

என் தொழில் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். பேட்டரி வேலைக்கென்று வீட்டுக்கு அழைக்கப்பட்டாலும், வண்டி எத்தனை மாதம் நின்றது என்று கேளுங்கள். முன்சக்கரம் ஒன்றையும் பின்சக்கரம் ஒன்றையுமாவது கழற்றிப் பார்க்காமல் ‘ஓட்டலாம்’ என்று சொல்லாதீர்கள். அதற்குரிய கூலியைத் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும் பிள்ளைகள் விமான டிக்கெட் எடுத்த கையோடு மெக்கானிக்குக்கும் ஒரு போன் செய்து, தாங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே காரை ஒர்க்‌ஷாப்பில் விடச் சொல்லட்டும். விமான நிலையத்துக்கு அன்று வாடகைக் கார் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாகனத் தொழிலாளி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.