தனியே வளராத உயிர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் நடுக்கடலில் இருந்தேன். பன்னிரண்டு நாள் கழித்துக் கரையேறியதும் முதலில் அதைத்தான் பிரித்தேன். அம்மா கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்தார் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். எவ்வளவு நிம்மதி!

திமிங்கிலம் இருக்கும் கடலில், கண்ணுக்கே தெரியாததைத் தேடி ஏன் இத்தனை வருடம் என்று கேட்டிருந்தாய். கோபமில்லை. ஆனால் பதிலை ஒரு வரியில் முடிக்க என்னால் ஆகாது.

புரோக்ளோரோகாக்கஸ் என்றொரு பாக்டீரியா. நாம் கல்லூரியில் படித்த பாடப்புத்தகத்தில் இதன் பெயரே கிடையாது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிய பிறகுதான், கடல் ஆய்வாளர்கள் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் இதைக் கண்டுபிடித்தார்கள். 1988இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். வெப்பக்கடலின் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரை இருக்கும். பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதை மிஞ்சியது இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல் நீரை அள்ளி ஆராய்ந்தவர்கள் இதைப் பார்க்காமலே போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

இதன் சில வகைகளுக்குச் சுமார் 1,700 மரபணுக்கள்தான். சூரிய ஒளி, கரியமில வாயு, சில உப்புகள். இவற்றைக் கொண்டே உடலைக் கட்டிக்கொள்கிறது. அதனால் இது யாரையும் அண்டாத உயிர் என்றே நானும் நம்பியிருந்தேன்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி மரபணுத் தொகுதியைப் படிப்பதற்காக நாங்கள் ஆய்வகக் குழாயில் வளர்த்துவரும் புரோக்ளோரோகாக்கஸ் வளர்ப்பிலிருந்து மற்ற பாக்டீரியாக்களை ஒன்றுவிடாமல் நீக்கினாள். மாதக்கணக்கான வேலை. சுத்தமான அந்த வளர்ப்பை நன்றாக நீர்த்துப் புதிய குழாய்களில் இட்டாள். ஒன்றில்கூடப் பச்சை எழவில்லை. "அழுக்கு" என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த பழைய குழாயோ பசுமையாக இருந்தது. அவள் கண்கலங்கி நின்றது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

காரணம் ஏற்கெனவே தெரிந்ததுதான். நான்தான் அதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லாமல் விட்டேன். வெயில் பட்ட கடல் நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதிக்கான மரபணு புரோக்ளோரோகாக்கஸிடம் இல்லை. அக்கம்பக்கத்து பாக்டீரியாக்கள் தங்களைக் காத்துக்கொள்ள அந்த நஞ்சைச் சிதைக்கும்போது சுற்றியுள்ள நீரும் சுத்தமாகிறது. இதை ஒட்டி 2012இல் மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்துக்குக் கறுப்பு ராணி என்று பெயர். ஒருவகைச் சீட்டாட்டத்தில் இஸ்பேட் ராணியைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் நஷ்டம். எல்லோரும் அதைத் தள்ளிவிடவே பார்ப்பார்கள். செலவு பிடிக்கும் மரபணுவும் அப்படித்தான். யாராவது ஒருவர் வைத்திருந்தால் போதும், மற்றவை அதை இழந்துவிடலாம்.

உலகக் கடல்களில் நீர் மாதிரிகளைச் சேகரித்த தாரா என்ற ஆய்வுக் கப்பல் பயணத்தின் பட்டியல் 2015இல் வெளியானது. அதில் ஏறத்தாழ நான்கு கோடி நுண்ணுயிர் மரபணுக்கள் இருந்தன. பெரும்பாலானவை அதுவரை அறியப்படாதவை. மகத்தான வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மரபணு ஏன் இல்லை, அந்த வேலையைப் பக்கத்தில் யார் செய்கிறார்கள் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. அதற்குக் குழாயோடு உட்கார வேண்டும். எஸ்.ஏ.ஆர்.11 என்ற பாக்டீரியாக் குடும்பத்தை மரபணு வழியாக 1990இல் கண்டார்கள். ஆய்வகத்தில் வளர்க்க 2002 வரை ஆயிற்று. ஊட்டம் நிறைந்த கரைசலில் வளராதது, வெறும் கடல் நீரில் மிக மெதுவாக வளர்ந்தது. இந்தப் பொறுமைக்கு இன்று நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்தான். மரபணு வரிசையைப் படிக்கும் கருவிக்குக் கொடுப்பதில் ஒரு பங்கையாவது ஆய்வக வளர்ப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

மாணவி முந்தாநாள் மறுபடி நீர்த்து வைத்திருக்கிறாள். இம்முறை பாதிக் குழாய்களில் துணை பாக்டீரியா ஒன்றையும் சேர்த்தோம். பச்சை தெரியச் சில வாரங்கள் ஆகும். காலையில் வந்ததும் கதவருகில் நின்றே எட்டிப் பார்க்கிறாள், நானும்தான்.

தெரிந்தவுடன் எழுதுகிறேன். அம்மா தெருமுனை வரை நடந்துவிட்டால் நீயும் உடனே எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி