கிளையைக் கவ்விய கருடன்

அன்புள்ள மாறனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் அப்பாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் இதைக் கேள்.

போன வாரம் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் குடமுழுக்கு. கலசத்தில் நீர் விழும் நேரம் பார்த்துக் கருடன் வட்டமிட்டது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிறச் சிறகு. பட்டர்வொர்த் படகில் போகும்போதெல்லாம் கழுகு என்று நீ அடம்பிடித்தாயே, அதே செம்பருந்துதான். லங்காவித் துறையில் சிலையாக நிற்பதும் அதுவே. பந்தயத்தில் தோற்றுவிட்டாய், நாசி கண்டார் சாப்பாடு உன் செலவு!

அன்றிரவே 'கருடன்' என்ற பெயருக்குக் காரணம் தேட உட்கார்ந்துவிட்டேன். கம்பர் 'கலுழன்' என்கிறார், ஆண்டாள் 'புள்ளரையன்' என்கிறாள். கெடா மாநிலத்தின் பழைய மலாய்க் கதையில் அவன் 'கெரோடா'. நபி சுலைமானிடமே சவால் விடுகிறான். 'விழுங்கு' என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து பிறந்த பெயர் என்கிறார்கள். பாம்பை விழுங்குபவனுக்குப் பொருத்தம்தான். ஆனால் என் மனம் மகாபாரதத்தின் ஆதிபருவம் சொல்லும் காரணத்திலேயே நிற்கிறது.

கருடனுக்குக் கடும்பசி. நகங்களில் ஒரு யானை, ஓர் ஆமை. உட்கார்ந்து தின்னலாம் என்று ஆலமரக் கிளையில் இறங்குகிறான், கிளை முறிகிறது. பார்த்தால், அதில் விரலளவே உள்ள வாலகில்ய முனிவர்கள் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிறார்கள். விழுந்தால் மடிவார்கள். சட்டென்று கிளையை அலகால் கவ்விக்கொண்டு பறக்கிறான். பெரும்பாரம் சுமந்து பறப்பவன் என்று அந்த முனிவர்களே 'கருடன்' எனப் பெயரிடுகிறார்கள். விழுங்கப் பிறந்த வாய், மாறா! இரை நகத்தில் இருந்தும் திறக்கவில்லை.

இறக்கி வைக்க இடமில்லாமல் மலைமலையாகச் சுற்றி, கடைசியில் தந்தை காசியபரிடம் போகிறான். அவர் வேண்டிக்கொண்டதும் முனிவர்கள் கிளையை விட்டுப் போகிறார்கள். அதை எங்கே போடுவது என்று, வாயில் கிளையோடு குழறிக் குழறித் தந்தையைக் கேட்கிறான் கருடன்.

அந்த இடத்தைப் படித்ததும் உன் நினைவுதான். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து இரவெல்லாம் நீ ஒருவனே விழித்திருக்கிறாய் என்று செல்வி சொன்னாள். அக்காளிடமும் தம்பியிடமும் வாய்விட்டுக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு! இன்றே கேள்.

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்துக் கோலாலம்பூர் வருகிறேன். அப்பாவுக்குக் கஞ்சி கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் எனக்குத் தெரியும். நான் இருக்கும்வரை இரவுகள் என் பொறுப்பு. மறுக்காதே.

அன்புடன்,
குமரன்
பினாங்கு