சாமுவேல் சொன்னதையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எபிரேய வேதத்தில், அதாவது பழைய ஏற்பாட்டில், கடவுள் அரசராக வருவது மன்னர்களின் பிடியை இறுக்கத்தான் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி. இருபத்தெட்டு வருடம் ஞாயிறு பள்ளியில் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. ராமா என்ற ஊரில் இஸ்ரவேலின் மூப்பர்கள் கூடிவந்து ராஜா வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் தள்ளியது உன்னை அல்ல, என்னைத்தான் என்று கடவுள் தீர்க்கதரிசி சாமுவேலிடம் வருந்துகிறார். அப்புறம் சாமுவேல் ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். ராஜா உங்கள் மகன்களை ரதத்துக்குக் கொண்டுபோவான், மகள்களைச் சமைக்கவும் அப்பம் சுடவும் வைப்பான், நல்ல வயலைப் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று வாங்குவான், கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமை. பின்னாளில் சாலொமோன் ராஜா 30,000 பேரைப் பிடித்து லெபனோனுக்கு வேலைக்கு அனுப்பினான். மன்னனுக்குப் பரிந்து பேசும் எழுத்தா இது?

பாபிலோனில் அமுராபி ராஜா சட்டங்களைத் தன் பெயரில் கல்லில் வெட்டிவைத்தான். மோசேயின் சட்டத்தில் ஒன்றுகூட ஒரு ராஜாவின் பெயரில் இல்லை. ராஜாதான் அதைப் பிரதி எடுத்து ஆயுள் முழுக்க வாசிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம் உள்ள உபாகமம் புத்தகத்தின் 17ஆம் அதிகாரம். தாவீது ராஜாவின் வம்சத்தைப் போற்றும் சங்கீதங்கள் உண்டு, மறுக்கவில்லை. அந்தத் தாவீதையே முகத்துக்கு நேரே குற்றவாளி என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் முக்கால் ஏக்கர் தோட்டத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் பொய்ப் பத்திரம் காட்டி எடுத்துக்கொண்டார். அப்பா நடையாய் நடந்தும் எவரும் கேட்கவில்லை. அம்மா இரவில் நாபோத்தின் கதையை வாசிப்பார். திராட்சைத் தோட்டத்துக்காக நாபோத்தைக் கொன்ற பிறகு, அந்தத் தோட்டத்திலேயே ஆகாப் ராஜாவைத் தீர்க்கதரிசி எலியா மறிக்கும் இடம் வந்ததும் குரல் உடைந்து நிறுத்திவிடுவார். ராஜாவைக் கேள்வி கேட்க ஒரு ராஜா மேலே இருக்கிறார் என்பது அன்று எங்கள் வீட்டுக்குச் சோறு மாதிரி. அதை அதிகாரத்தின் கருவி என்று நீங்கள் அச்சடிக்கிறீர்கள்.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர் என்று மூன்று வருடம் முன்பு எழுதினீர்கள். நான் அனுப்பிய நாலு பக்கத்தில் இரண்டு வரிதான் வந்தது, அதுவும் நன்றி சொன்ன இரண்டு வரி. அப்போதும் பொறுத்துக்கொண்டேன்.

சரி, கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அதில் '1 இராஜாக்கள் 8' என்று போட்டிருக்கும் பகுதி, மூப்பர்கள் ராஜா கேட்ட இடம், 1 சாமுவேல் 8. அதையாவது அடுத்த இதழில் திருத்துங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி