கணினி அறை விதித்தாளில் விடுபட்ட ஒரு வரி

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். நான் ஒரு கணினி ஆசிரியர். ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கும்போது மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறேன். விளையாட்டு கூடாது, அனுமதியில்லாமல் எதையும் பதிவிறக்கக் கூடாது, அடுத்தவர் கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது. ஏறக்குறைய எல்லா வரியும் 'கூடாது' என்றுதான் முடிகிறது. அந்த விதிகள் தேவையானவைதான். ஆனால் ஏதாவது நடந்துவிட்டால் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இணைய முகவரியை அடிக்கும்போது ஓர் எழுத்து தவறிவிட்டது. பிரபலமான தளங்களின் பெயரை ஓர் எழுத்து மாற்றிப் பதிவு செய்துவைத்து, வழிதவறி வருபவர்களைப் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் உண்டு. திரையில் வந்தது எந்தப் பிள்ளையும் பார்க்கக் கூடாத படம். அவன் பயந்துபோய்க் கணினியை அப்படியே அணைத்துவிட்டான். மறுநாள் பள்ளி வலையமைப்பின் பதிவேட்டில் அந்த முகவரி இருந்தது. எந்தக் கணினி, எந்த நேரம், எந்தத் தளம் என்பதைப் பதிவேடு சொல்லும். விரல் தவறியதா, வேண்டுமென்றே போனதா என்பதைச் சொல்லாது. இரண்டு வாரம் அவனைக் கணினி அறைக்குள் விடவில்லை. ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா திட்டுவீங்கன்னு நினைச்சேன் சார்" என்றான். அவன் நினைத்தது சரி. அன்றைக்குச் சொல்லியிருந்தால் திட்டித்தான் இருப்பேன். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருமே எதையும் என்னிடம் சொல்லவில்லை. தவறுகள் நின்றுவிட்டன என்று நான் நம்பவில்லை. மறைக்கப் பழகியிருப்பார்கள். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (incognito) திறந்தால் யாருக்கும் தெரியாது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அது அந்தக் கணினியில் வரலாற்றைச் சேமிக்காமல் விடும், அவ்வளவுதான். எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது பள்ளி வலையமைப்புக்குத் தெரியும். பள்ளி போட்ட தடையைத் தாண்ட இலவச விபிஎன் (VPN) செயலியைப் போடுகிறார்கள். யாரென்றே தெரியாத ஒருவரின் கணினி வழியாகத் தங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் அனுப்புகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தளங்களைத் தடுக்கும் வடிகட்டியை இன்னும் இறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லைப் பார்த்துத் தடுக்கும் வடிகட்டிகள் மார்பகப் புற்றுநோய் பற்றிய பாடப் பக்கத்தையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. அப்புறம் அந்தப் பாடத்துக்காகவும் பிள்ளை விபிஎன்னைத் தேடுகிறது.

1989இல் கணினி அறிவியலாளர் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான (World Wide Web) திட்டத்தை முன்வைத்தார். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை வந்ததும் அதே ஆண்டில்தான். பிள்ளைகளுக்குத் தகவல் பெறும் உரிமையும், தீங்கிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையும் அதில் இருக்கின்றன. இணைய வெளியிலும் இவை பொருந்தும் என்று 2021இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு விளக்கமாகவே எழுதியது. நம் தாள் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசுகிறது, அதையும் மிரட்டலாகப் பேசுகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். தாளின் முதல் வரியாக இதைச் சேருங்கள்: "தவறிப்போய் ஏதாவது திறந்துவிட்டால், அல்லது யாராவது உன்னைத் தொந்தரவு செய்தால், திரையை மட்டும் அணைத்துவிட்டு உடனே ஆசிரியரைக் கூப்பிடு. வந்து சொன்னதற்காக உனக்குத் தண்டனை கிடையாது." தொந்தரவு செய்தியாக வந்திருந்தால் அதை அழிக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பயத்தில் முதலில் அழிபடுவது அதுதான். பிறகு யார் அனுப்பினார்கள் என்று காட்ட எதுவும் மிஞ்சாது.

மற்ற விதிகளுக்குக் காரணம் சொல்ல ஒரு பாடவேளை கொடுங்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்து போனால், அடுத்து உட்காருபவர் செய்வதெல்லாம் உன் பெயரில்தான் பதிவாகும் என்று ஒருமுறை செய்து காட்டினால் போதும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரை கேட்டால் சில நேரம் இல்லாத புத்தகத்தையும் மேற்கோளாகத் தரும் என்பதையும் அந்த வகுப்பிலேயே தேடிப் பார்க்க வைக்கலாம்.

சரி, ஆசிரியர்களான நம்மைப் பற்றியும் ஒன்று. மதிப்பெண் ஏற்றச் சொல்லி மாணவரிடம் நம் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. தாளில் நாமும் கையெழுத்துப் போடுவோம்.

அடுத்த ஆண்டுத் தாள் அச்சுக்குப் போகும் முன் இதைப் படித்துப் பாருங்கள். அந்தப் பாடவேளையை எடுக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியர்