கேள்வியை என்னிடமே கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தீபாவளிச் சேலை எடுக்க அண்ணன் மகனோடு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போயிருந்தேன். எனக்கு வயது 52. முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து 11 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலிதான்.

ஈசூனில் ஏறி, நியூட்டனில் ரயில் மாறி, லிட்டில் இந்தியா நிலையத்தில் மின்தூக்கியில் மேலே வரும்வரை யார் உதவியும் தேவைப்படவில்லை. 1987இல் எம்ஆர்டி பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வசதி கிடையாது. பொதுப் பேருந்துகளிலும் இப்போது சக்கர நாற்காலியோடு ஏறலாம். இதற்கெல்லாம் நான் நன்றியோடு இருக்கிறேன்.

தடுமாற்றம் கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையான அஞ்சடியில்தான் தொடங்கியது. கடைக்குக் கடை தரை ஏறி இறங்குகிறது. படி இல்லாத இடத்தில் தள்ளுபடித் துணிக் கூடை. வேறு வழியில்லாமல் சாலையில் இறங்கி, கார்களுக்கு ஓரமாகவே போனோம். 1989 முதல் பாதுகாக்கப்படும் வட்டாரம், படியை இடிக்க முடியாது என்கிறார்கள். சரி, இடிக்க வேண்டாம். மடக்கி வைக்கிற சாய்பலகை ஒன்றைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கலாமே! அன்று அந்த வழியாக வந்த வெளிநாட்டு ஊழியர் ஒருவர், "தூக்கி விடட்டுமா அக்கா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அண்ணன் மகனோடு சேர்ந்து நாற்காலியைப் படியேற்றினார்.

அவர் என்னைக் கேட்டார். கடைக்குள் யாரும் கேட்கவில்லை. மாம்பழ மஞ்சளில் ஒரு சேலையை விரித்து முந்தானையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விற்பனைப் பெண் அண்ணன் மகனிடம், "அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்கிறார். அவனுக்குப் பதினேழு வயது. "அத்தையையே கேளுங்க" என்றான். அப்புறமும் விலையை அவனிடம்தான் சொன்னார். வங்கி அட்டையை நீட்டியது நான். ரசீதோடு அட்டையையும் அவன் கையில் கொடுத்தார். ஒரு நிறுவனத்தில் மாதாமாதம் அறுபது பேருக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பவள் நான்.

வெளியே அவன் தண்ணீர் வாங்கப் போன நேரம், ஒரு பெரியவர் நான்காக மடித்த இரண்டு வெள்ளி (டாலர்) நோட்டை என் மடியில் வைத்து, "பாவம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். நான் கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார். புதுச் சேலைப் பை மடியில், அதன்மேல் அந்த நோட்டு. திரும்பி வந்த பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைக்காரர்களே, தீபாவளிக்கு முன் அஞ்சடியில் ஒரு நாற்காலி போகும் அகலத்துக்காவது வழி விடுங்கள். உங்கள் ஊழியர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்க நான் அடுத்த வாரம் மறுபடி வருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி